வீட்டில் டெங்கு: ஒரு நோட்டு, ஒரு சொம்பு, ஒரு கொசுவலை

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் "சாதா காய்ச்சல்தாங்க" என்பார். பெரும்பாலும் அது சாதா காய்ச்சலாகத்தான் இருக்கும். அப்படி இல்லாமல் போகிற நாட்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் தங்கை மகனுக்கு வந்தது. பதினோரு வயது. நாலு நாள் காய்ச்சல் கொளுத்தியது, ஐந்தாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு ஜில்லென்று இருந்தது. அப்பாடா என்று அம்மா இட்லி ஊற்றினார், "நாளைக்குத் தலைக்கு ஊத்திடலாம்" என்றார், நாங்களும் அவரவர் வேலைக்குக் கிளம்பிவிட்டோம். மதியம் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். மூன்று முறை வாந்தி. கை, கால் எல்லாம் ஈரத் துணி மாதிரி குளிர்ந்து போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டியூட்டியில் இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?" அவனைச் சுற்றி நாங்கள் நான்கு பெரியவர்கள் நின்றிருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

பையன் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு நல்லபடியாக வந்துவிட்டான். அந்தக் கேள்விதான் போகவில்லை. அதனால் முதலில் நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நோட்டு

எந்தக் காய்ச்சலாக இருந்தாலும், ஆரம்பித்த நாளை ஒன்று என்று எழுதுங்கள், மணியோடு எழுதுங்கள். "ஒரு மூணு நாளா காய்ச்சல்" என்று சொல்வதில் ஒரு நாள் முன்னே பின்னே ஆகிவிடும், டெங்குவில் அந்த ஒரு நாள் பெரிய விஷயம். முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் 103, 104 என்று ஏறும், கண்ணுக்குப் பின்னால் வலிக்கும், முதுகும் மூட்டும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், வாய் கசக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் இது ஆபத்தான கட்டம் கிடையாது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் காய்ச்சல் இறங்கும் பாருங்கள், அங்கிருந்து 24 முதல் 48 மணி நேரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில் சிலருக்கு ரத்தக் குழாயின் சுவர் கசிய ஆரம்பித்து, ரத்தத்தில் இருக்கிற நீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் இறங்கிவிடும். குழாய்க்குள் மிச்சம் இருக்கிற ரத்தம் கெட்டியாகும், பிரஷர் விழும். உடம்பு ஜில்லென்று ஆனதும் நாங்கள் நிம்மதியாக இட்லி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பையனுக்குள் நடந்தது இதுதான்.

நோட்டில் என்ன எழுதுவது? பள்ளிக்கூட ரஃப் நோட்டு ஒன்று போதும். எங்கள் வீட்டு நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது, பிறகு என் மனைவிக்கு வந்தபோது எழுதியது:

"3ஆம் நாள். காலை 6.10 – 102.4, மாத்திரை ஒன்று. 6.40 – மோர் ஒரு டம்ளர். 7.30 – யூரின், மஞ்சள். 8.15 – கஞ்சி அரை டம்ளர், மீதி வேண்டாம் என்றாள். 9.00 – வாந்தி, கஞ்சிதான் வந்தது. 10.20 – ஓ.ஆர்.எஸ். ஒரு டம்ளர், மெதுவாக. 12.00 – யூரின்."

பார்க்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மாத்திரை கொடுத்தோமா இல்லையா என்று வீட்டில் இரண்டு பேர் வாக்குவாதம் செய்யாமல் இருக்க இது ஒன்றுதான் வழி. டாக்டரிடம் போனாலும் நீங்கள் கதை சொல்ல வேண்டாம், நோட்டை நீட்டினால் போதும். எழுதுவதிலேயே முக்கியமானது யூரின் நேரம். ஆறு மணி நேரமாகப் போகவில்லை என்றால், அல்லது போனதும் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் கொஞ்சமே வந்தது என்றால், உள்ளே தண்ணீர் பற்றவில்லை என்று பொருள்.

சொம்பு

டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியிலும் அவர்கள் செய்வது பெரும்பாலும் நீரை அளந்து கொடுப்பதுதான், வாய் வழியாக முடியாவிட்டால் நரம்பு வழியாக. ஆகவே வீட்டிலும் அளந்து கொடுங்கள். ஒரு சொம்பை எடுத்து அரை லிட்டர் பாட்டிலால் ஒருமுறை நிரப்பிப் பார்த்துவிட்டால் அதுவே அளவு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர் உள்ளே போக வேண்டும். இதய நோயோ கிட்னி பிரச்சினையோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தண்ணீர் அதிகமானாலும் ஆபத்து. குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து மாறும், அதையும் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

வெறும் தண்ணீராகவே கொடுக்காதீர்கள், உப்பும் சேர்ந்து போக வேண்டும். உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர், பருப்புத் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். எல்லாம் நல்லது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கலக்க வேண்டும். அரைப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டி "ஸ்ட்ராங்காக" கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படிக் கொடுத்தால் உப்பு கூடிப் போய் வேறு வம்பு வரும். கலக்கியதை 24 மணி நேரத்தில் முடியுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஒரு டம்ளரை மொத்தமாக வாயில் வைக்காமல் ஸ்பூனால் ஒவ்வொரு வாயாக, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். பொறுமை வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை.

அப்புறம் இந்த மாதுளை ஜூஸ். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் "ரத்தம் ஊறும்" என்று மாதுளையோடுதான் வருவார்கள். பழத்தில் குற்றம் இல்லை. ஆனால் அதைக் குடித்துவிட்டுப் பையன் வாந்தி எடுத்தால் சிவப்பாக வரும், அது ஜூஸா ரத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது. பீட்ரூட், ரோஸ்மில்க், திராட்சை ஜூஸ் எல்லாம் இதே கணக்குதான். ஒரு வாரம் சிவப்பும் கருப்பும் இல்லாமல் ஓட்டுங்கள். மாதுளையை நீங்கள் சாப்பிடுங்கள், ராத்திரி கண்விழிக்கிறவர்களுக்கும் தெம்பு வேண்டும்.

மாத்திரை

பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளில் நாலு முறைக்கு மேல் போகாமல். குழந்தைக்கு எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவு. காய்ச்சல் முழுக்க இறங்கவில்லை என்று இடையில் இன்னொன்று போட்டால் ஈரல் கெடும், ஏற்கெனவே டெங்கு ஈரலைத்தான் போட்டுப் படுத்திக்கொண்டிருக்கும். இடைவெளியில் சாதாரணத் தண்ணீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்துவிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் சேர்த்து ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. டெங்கு சீசனில் அதை விட்டுவிடுங்கள். சேர்த்துக் கொடுக்கிற அந்த மாத்திரையில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இதில் ஒன்று இருக்கும். ஆஸ்பிரினும் ஆகாது. இவை வயிற்றில் ரத்தக் கசிவைக் கிளப்பும், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்களின் வேலையையும் கெடுக்கும். குழந்தைகளின் காய்ச்சல் சிரப்பில் மெஃபனாமிக் ஆசிட் கலந்தது நிறைய வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது, அட்டையைத் திருப்பி ஒருமுறை படித்துப் பாருங்கள். இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் போடுகிற பெரியவர் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள். "ஒரு ஊசி போட்டா நின்னுடும்" என்று கிளினிக்கில் போய் இடுப்பில் ஊசி கேட்பதும் வேண்டாம், குத்தின இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா, பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. பப்பாளி இலை பிளேட்லெட்டைக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுகிறது என்று சில ஆய்வுகள் உண்டு, ஆனால் கசிவை அது நிறுத்துவதாக நிரூபணம் இல்லை. என் கருத்து: குமட்டாமல் குடிக்க முடிந்தால் குடிக்கட்டும். அந்தக் கசப்பில் குடித்த அரை லிட்டர் மோரும் வெளியே வந்துவிட்டால் நஷ்டம்தான். இலைச் சாறு கொடுத்திருக்கிறோமே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போட்டால் அதைவிடப் பெரிய நஷ்டம்.

டெஸ்ட்டும் கவுன்ட்டும்

முதல் ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடுகிற என்.எஸ்.1 டெஸ்ட், அதற்குப் பிறகு என்றால் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளைத் தேடுகிற ஐ.ஜி.எம். டெஸ்ட். ஏழாம் நாள் போய் என்.எஸ்.1 எடுத்துவிட்டு "நெகட்டிவ், டெங்கு இல்லை" என்று வீட்டுக்கு வருவது வீண். சரியான நாளில் எடுத்தாலும் நெகட்டிவ் என்பது உறுதி கிடையாது, முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு என்.எஸ்.1 ஏமாற்றும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு சி.பி.சி. ரத்தப் பரிசோதனை எடுத்து வரிசையாக நோட்டில் எழுதினால், டெஸ்ட் என்ன சொன்னாலும் போக்கு புரிந்துவிடும்.

அந்தத் தாளில் எல்லோர் கண்ணும் பிளேட்லெட்டுக்குத்தான் ஓடும். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனதும் "பிளேட்லெட் தேவை, அவசரம்" என்று வாட்ஸ்அப்பில் பறக்கும். பாவம், பயம்தான். ஆனால் அதே தாளில் இரண்டு வரி மேலே பி.சி.வி. அல்லது ஹீமடோகிரிட் என்று ஓர் எண் இருக்கிறது, அதைப் பார்க்கிறவர்கள் குறைவு. ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டுகிற எண் அது. முதலில் 36 இருந்தது மறுநாள் 43 ஆகிவிட்டால், ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது, கசிவு நடக்கிறது என்று பொருள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே பி.சி.வி. ஏறினால் அன்றைக்கே பெட்டியைக் கட்டுங்கள். ரத்தப்போக்கு எதுவும் இல்லாதவருக்கு, கவுன்ட் பத்தாயிரத்துக்குக் கீழே போகாத வரை பிளேட்லெட் ஏற்ற வேண்டியது பொதுவாக இருக்காது. இருபத்தைந்தாயிரத்தில் இருந்து தானாக ஏறி வந்தவர்கள் ஏராளம்.

ஆனால் தாளுக்காகக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. விடாத வயிற்று வலி, அடுத்தடுத்து வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தார் மாதிரி கருப்பாக மலம், பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு, மூச்சு வாங்குவது, குளிர்ந்து வியர்த்த கை கால், எழுந்தால் தலைசுற்றி விழுவது, பிள்ளை காரணமில்லாமல் நச்சரிப்பது அல்லது கூப்பிட்டால் மந்தமாகப் பார்ப்பது. இதில் ஒன்று வந்தாலும் ராத்திரி மணி என்ன என்று பார்க்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். கடலூர்ப் பக்கம் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி என்றால் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர், குழந்தைக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி மகளிர் குழந்தைகள் மருத்துவமனை. எது பக்கமோ அங்கே போங்கள். கர்ப்பிணி, ஒரு வயதுக்குள் குழந்தை, வயதானவர், சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் இந்த அறிகுறிகள் வரும்வரை வீட்டில் வைத்துப் பார்க்கவே வேண்டாம், முதலிலேயே காட்டிவிடுங்கள்.

கொசுவலை

டெங்குவுக்குக் கொசுவலை எதற்கு, அது பகலில் கடிக்கிற கொசுவாயிற்றே என்பார்கள். பகலில் கடிப்பதால்தான் பகலிலும் வலை கட்டச் சொல்கிறேன், அதுவும் நோயாளிக்கு. காய்ச்சல் அடிக்கிற நாட்களில் அவர் ரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். அந்த நேரம் அவரைக் கடித்த ஏடிஸ் கொசுவுக்குள் எட்டு முதல் பன்னிரண்டு நாளில் வைரஸ் பெருகி, அதற்கப்புறம் அது சாகும்வரை கடிக்கிற எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரே வீட்டில் முதல் ஆள் எழுந்து நடமாட ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் இன்னொருவர் படுப்பது இதனால்தான். என் தங்கை மகனுக்கு நாங்கள் வலை கட்டவில்லை, என் மனைவிக்கு எப்படி வந்தது என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். காலையில் வெயில் வந்து இரண்டு மணி நேரமும், சாயங்காலம் பொழுது சாய்வதற்கு முன்னாலும் ஏடிஸ் ரொம்பச் சுறுசுறுப்பாக இருக்கும்.

அந்தக் கொசு எங்கிருந்து வந்தது என்று சாக்கடையைப் பார்த்துத் திட்டுவோம். சாக்கடையில் பிறக்கிறது க்யூலெக்ஸ், ராத்திரி காதோரம் பாடுகிறது. ஏடிஸுக்கு நம் வீட்டுச் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும், அதிக தூரமும் பறக்காது, பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். அதாவது உங்களைக் கடித்தது உங்கள் வீட்டுக் கொசு, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கொசு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தென்பெண்ணை கரை மீறி கடலூரைச் சுற்றி வெள்ளம் நின்றது, ஞாபகம் இருக்கும். தெருவில் நிற்கிற அந்தச் சேற்று வெள்ளம் ஏடிஸுக்குப் பிடிக்காது. அது வடிந்த பிறகு மொட்டை மாடியிலும் கொல்லையிலும் மிச்சம் இருக்கிற கையளவு தெளிந்த தண்ணீர்தான் அதற்குத் தொட்டில்.

முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை சுற்றி வந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போவதற்கு முன்னால் இருபது நிமிடம். மொட்டை மாடியில் தொடங்குங்கள்: சிண்டெக்ஸ் மூடி உடைந்திருந்தால் பழைய வேட்டித் துணியைப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், தார்ப்பாய் மடிப்பை உதறுங்கள், சன்ஷேடில் அடைத்த இலையை எடுங்கள். கீழே வந்தால் கொல்லையில் யாரும் தொடாத ஆட்டுக்கல்லின் குழி. எங்கள் வீட்டில் நான் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தது அங்கேதான். ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது, டார்ச் அடித்தால் முப்பது நாற்பது புழு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நிழல் பட்டதும் நெளிந்து அடியில் போயின. அந்தக் குழியில் இப்போது மணலைக் கொட்டி நிரப்பிவிட்டேன். கொட்டாங்குச்சி, டயர், பூந்தொட்டித் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், உபயோகிக்காத கக்கூஸ் கோப்பை இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கிற தட்டு. தேவனாம்பட்டினம் பக்கம் என்றால் கரையில் நிறுத்திய ஃபைபர் படகின் அடியில் தேங்கியதும், ஓரமாகப் போட்ட உடைந்த தெர்மகோல் மீன் பெட்டியும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் வேலை முடியாது. முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, பாத்திரச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கரிப்பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழை பட்டதும் பொரிக்கும். ஆகவே ட்ரம்மையும் தொட்டியையும் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிடியுங்கள். வீட்டுக்கு வருகிற கொசு ஒழிப்புப் பணியாளர் புழுவைக் கொல்கிற அபேட் மருந்து ஊற்றினால் முகம் சுளித்து அதைக் கொட்டாதீர்கள், அவர் போடுகிற அளவு தண்ணீரைக் கெடுக்காது. கேட்டை மூடிக்கொண்டு "எங்க வீட்ல எல்லாம் சுத்தம்" என்று திருப்பி அனுப்புகிற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்றாக இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. புகை அடிக்கிற வண்டி வந்தால் எல்லோருக்கும் திருப்தி. அது அந்த நேரம் பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், ஆட்டுக்கல்லில் இருக்கிற புழு நாளைக்குப் பறக்கும்.

புதுச்சேரியில் 1975 முதல் இயங்குகிற நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் ஓல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவுக்குள் ஏற்றி, வைரஸ் அதற்குள் வளராதபடி செய்த ஓர் இனத்தை 2022இல் உருவாக்கியிருக்கிறார்கள். அது நம் தெருவுக்கு வருகிற வரை தேங்காய் நார்தான்.

நோயாளி எழுந்த பிறகு இரண்டு விஷயம். ஆறாம் ஏழாம் நாளுக்கு மேல் உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு பிடுங்கும், உடம்பெல்லாம் சிவந்து நடுவில் வெள்ளைத் திட்டுத் திட்டாக இருக்கும், பயப்படாதீர்கள், பசி எடுக்கத் தொடங்கியிருந்தால் குணமாகிறது என்று பொருள். அலுப்பு மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலும் விளையாட்டுப் பீரியடில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, டெங்கு வைரஸில் நாலு வகை இருக்கிறது, ஒரு வகை வந்து போனால் அந்த வகை திரும்ப வராது, ஆனால் வேறு வகை வரலாம், அப்படி இரண்டாவது முறை வருவதுதான் கடுமையாகப் போக வாய்ப்பு அதிகம். அதனால் லேப் ரிப்போர்ட்டை அந்த நோட்டிலேயே ஒட்டி, அட்டையில் பெயரும் மாதமும் வருடமும் எழுதி ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். அடுத்த முறை காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் "இவனுக்கு ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்திருக்கு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.